சராசரியும் வகைமாதிரியும்: அகலப்பட்டை இணைய அளவீடுகள் பற்றி, பன்விலப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

1

அளவை என்னும் சொல் தமிழில் நெடுங்காலமாக இருபொருள் குறித்து வழங்கி வந்துள்ளது. நெல்லையும் நிலத்தையும் அளப்பது அளவை. மெய்ப்பொருளை அறிவதற்கான வழியும் அளவையே. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் தோன்றும் அளவைவாதி, காட்சி, கருதல், உவமம் முதலாகப் பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். சிவஞான சித்தியார் சுபக்கமும் அளவை இலக்கணத்தை முன்வைத்தே பொருளுக்குள் நுழைகின்றது. ஒரு கூற்று மெய்யா என வினவுமுன், அக்கூற்றுக்கு எவ்வழியால் வந்துசேர்ந்தோம் என்பதை வினவவேண்டும் என்பது இம்மரபின் உட்கிடை. இன்று நம்மிடையே பெருகிவரும் ஒருவகை அளவீடுகள் குறித்து இவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் குறிப்பிடுவது அகலப்பட்டை இணையத்தின் வேகத்தை அளக்கும் அளவீடுகளை. இந்நாட்டில் இணைய வேகம் இவ்வளவு, இம்மாவட்டத்தில் இவ்வளவு என அட்டவணைகளும் வண்ணப் படங்களும் வெளிவருகின்றன. செய்தித்தாள்கள் அவற்றை எடுத்தாளுகின்றன. கம்பனிகள் விளம்பரத்திற் பயன்படுத்துகின்றன. கொள்கை வகுப்போர் ஆதாரமாகக் காட்டுகின்றனர். இலக்கிய விமர்சகனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். அட்டவணையும் ஒரு பனுவலே. அதற்கும் கூறுவோன் உண்டு, கூறப்படுவோர் உண்டு, கூறாது விடப்படுவோரும் உண்டு. யதார்த்தவாதம் பற்றிய விவாதங்களில் நமது விமர்சனம் கூர்தீட்டிக்கொண்ட கருத்தாக்கம் ஒன்று, அதாவது சராசரி வேறு, வகைமாதிரி வேறு என்னும் வேறுபாடு, இவ்வட்டவணைகளை வாசிப்பதற்குப் பெரிதும் துணைபுரியும் என்பது எமது கருத்து. இதனைப் பன்விலப் பிரதேசத்தை முன்வைத்து விளக்க முயல்வோம்.

2

முதலில் அளவீட்டின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் தகும். ஒரு கம்பனி தான் விற்கும் வேகத்தைத் தானே அறிவித்துக்கொண்டிருந்த நிலையில், அதனைப் புறத்தே நின்று சரிபார்க்கும் முயற்சி இரண்டாயிரத்தின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. 2009 இல் அமெரிக்காவில் நியூ அமெரிக்கா நிறுவனத்தின் திறந்த தொழில்நுட்பப் பிரிவு, பிளனெற்லாப் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பு, கூகிள் கம்பனி ஆகியன சேர்ந்து மெஷர்மென்ற் லாப் எனும் அளவீட்டுக் களத்தைத் தொடங்கின. எவரும் தம் இணைப்பை அதிற் சோதிக்கலாம். சோதனையின் முடிவு பொதுத் தரவாக வெளியிடப்படும். சோதிக்கும் மென்பொருளின் உள்ளமைப்பும் ஒளிவுமறைவின்றித் தரப்படும். 2011 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, தொண்டர்களின் வீடுகளிற் சிறு கருவிகளைப் பொருத்தி, விளம்பர வேகத்தையும் மெய்யான வேகத்தையும் ஒப்பிட்டு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 இல் மைஸ்பீட் என்னும் செயலியை மக்களிடம் விட்டது. ஊக்லா என்னும் வணிக நிறுவனம் தன் சோதனைகளின் தொகுப்பைக் காலாண்டு வாரியாக, வணிகமல்லாத பயன்பாட்டுக்கென 2020 முதல் திறந்து வைத்துள்ளது.

நமது பிராந்தியத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 2004 இல் கொழும்பை மையமாகக் கொண்டு தோன்றிய லேர்ன் ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ரெனெற் குழுவினருடன் இணைந்து, 2008 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் அளவீட்டு முறையை உருவாக்கிக் கொழும்பிலும் சென்னையிலும் பிற நகரங்களிலும் பயன்படுத்தியது. அசோக–திஸ்ஸ என்னும் இரு மன்னர் பெயரால் அது அழைக்கப்பட்டது. வேகத்தை ஒற்றை எண்ணாகக் கொள்ளாது, பயனாளரிடமிருந்து கம்பனியின் எல்லைவரை, நாட்டின் எல்லைவரை, கடல்கடந்த சேவையகம்வரை எனப் பாதையைக் கூறுபடுத்தி அளந்தமையே அதன் சிறப்பு. கம்பனியின் எல்லைக்குள் நன்றாயிருக்கும் வேகம் நாட்டெல்லை கடந்ததும் வீழ்வதை அவ்வாய்வுகள் சுட்டிக்காட்டின. குறை எங்கே நிகழ்கிறது என்பதை எண்ணால் இடங்காட்டிய முயற்சி அது.

இவ்வளவிலிருந்தே ஒன்று தெளிவாகும். வேகம் என்பது வெப்பமானியில் ஏறும் பாதரசம் போன்றதன்று. எங்கிருந்து எதுவரை அளக்கப்பட்டது, எத்தனை இழைகளால் அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அது மாறும். மெஷர்மென்ற் லாப் ஒற்றை இழையால், கம்பனியின் வலையமைப்புக்கு வெளியேயுள்ள சேவையகத்தை நோக்கி அளக்கின்றது. ஊக்லாவின் சோதனை பல இழைகளை ஒருங்கே விடுவது. பல சந்தர்ப்பங்களில் கம்பனியின் வலையமைப்புக்கு உள்ளேயே அமைந்த சேவையகத்தை நோக்கியது. ஆகவே ஒரே வீட்டில் ஒரே நிமிடத்தில் இரண்டும் வெவ்வேறு எண்களைத் தரக்கூடும். இரண்டும் பொய்யல்ல, வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள் அவை. மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த போவர், கிளார்க், லேர் ஆகிய மூவர் 2010 இல் எழுதிய ஆய்வு, வேக எண்களுக்கிடையேயான முரண்கள் பல அளக்கும் முறையின் வேறுபாட்டால் எழுவன என்பதை விரிவாக நிறுவியது.

அகலப்பட்டை என்னும் சொல்லின் பொருளே சமூக முடிவொன்றினால் நிர்ணயிக்கப்படுவது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இந்தியாவில் 2004 இல் செக்கனுக்கு 256 கிலோபிற் அகலப்பட்டை எனப்பட்டது; 2013 இல் 512 கிலோபிற்; 2023 இல் 2 மெகாபிற். அமெரிக்காவில் 2015 இல் 25 மெகாபிற் என்றிருந்த எல்லை 2024 இல் 100 மெகாபிற்றாக உயர்த்தப்பட்டது. ஒரு நாட்டில் அகலமானது மற்றொரு நாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. மக்கள் எதற்கு உரித்துடையர் எனக் கருதப்படுகின்றனர் என்பதே இவ்வரைவிலக்கணங்களின் உள்ளுறை.

3

இனிப் பன்விலப் பிரதேசத்தை நோக்குவோம். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மேலேறும் பாதை பன்விலையை அடைந்து, அப்பால் மடுல்கலை, ஹுலுகங்கை எனப் பிரிந்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம் நோக்கிச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களாக வெட்டித் திறக்கப்பட்ட மலைகள் இவை. 1869 இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைநோயின் பின் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்த இருப்புப்பாதை 1880 இல் வத்தேகம ஊடாக மாத்தளைவரை நீண்டது. தோட்ட விளைபொருள் துறைமுகத்துக்கு இறங்குவதே இப்பாதைகளின் தலையாய நோக்கு; மனிதர் அவற்றிற் பயணஞ்செய்தமை அதன் பக்கவிளைவு. தொடர்பு வசதி மூலதனத்தின் வழியே செல்லும் என்னும் விதிக்கு மலையகத்தின் வீதியும் இருப்புப்பாதையும் சான்று பகருவன. கம்பியும் கோபுரமும் அவ்விதிக்கு விலக்காகிவிடா.

இங்கே வாழ்வோருட் கணிசமானோர் தென்னிந்தியாவிலிருந்து உழைப்புக்காகக் கொணரப்பட்டோரின் வழிவந்த தமிழ்த் தொழிலாளர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றோராக்கிய வரலாற்றை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை கைமாறியபோதும் லயன் காம்பிராவில் வாழ்பவர் தாம் வாழும் நிலத்துக்கு உரித்தில்லாதவராகவே பெரும்பாலும் தொடர்கின்றனர். பல தோட்டங்களில் வீடுகளுக்குத் தனித்த தபால் முகவரி இன்மையும், கடிதம் தோட்டக் காரியாலயத்தினூடாகவே கைசேர்வதும் நீண்டகாலக் குறைகள்.

முகவரி பற்றிய இச்செய்தி நம் பொருளுக்குப் புறம்பானதன்று. நிலையான அகலப்பட்டை இணைப்பு மனிதருக்கு வழங்கப்படுவதன்று, முகவரிக்கு வழங்கப்படுவது. நிலவுரிமையும் முகவரியும் இல்லாத இடத்திற் கம்பியிணைப்பு அருகியே தோன்றும். எஞ்சுவது கைத்தொலைபேசி வழியாக வரும் அலைவரிசை இணைப்பு. அதுவோ மலையின் முகடு, சரிவு, பள்ளம் என்பவற்றின் தயவில் நிற்பது. முகட்டில் துரையின் பங்களா, அதற்குக் கீழே ஸ்டாப் குவாட்டர்ஸ், பள்ளத்தில் லயன். தோட்டத்தின் அதிகாரப் படிநிலை நில அமைப்பிலேயே எழுதப்பட்டிருப்பதை மலையகப் புனைகதை வாசித்தோர் அறிவர். அலைவரிசைக்குத் தடையாக நிற்பதும் அதே நில அமைப்புத்தான். எனவே கோபுரத்தின் அலைகூட வர்க்கபேதத்தைக் கடந்து வீசுவதில்லை என்று கூறுவது மிகையாகாது.

4

இத்தகைய பிரதேசமொன்றைத் திறந்த தரவு எவ்வாறு காட்டும்? ஊக்லாவின் திறந்த தொகுப்பு உலகைச் சிறு சதுரங்களாகப் பிரிக்கின்றது. நமது அகலாங்கில் ஒரு சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 600 மீற்றர். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு காலாண்டில் நடந்த சோதனைகளின் எண்ணிக்கை, கருவிகளின் எண்ணிக்கை, தரவிறக்க, தரவேற்ற வேகங்களின் சராசரி, ஒரு செய்தி போய்வர எடுக்கும் நேரம் ஆகியன தரப்படுகின்றன. சமவெளி நகரமொன்றில் 600 மீற்றர் சதுரம் ஓரளவு ஒருதன்மைத்தான வாழ்வைக் குறிக்கலாம். தேயிலை மலையில் அதே சதுரம் பங்களாவையும் லயனையும் ஒருங்கே விழுங்கிவிடும்.

கற்பனையான எடுத்துக்காட்டொன்றைக் கொள்வோம். ஒரு சதுரத்துள் காலாண்டொன்றிற் பத்துச் சோதனைகள் நிகழ்கின்றன. ஒன்பது சோதனைகள் முகட்டு வீடொன்றிலிருந்து, ஒவ்வொன்றும் 40 மெகாபிற். ஒன்று பள்ளத்து லயனிலிருந்து, 2 மெகாபிற். சராசரி 36.2 மெகாபிற். இந்த 36.2 என்னும் வேகம் அச்சதுரத்தில் எவர் வீட்டிலும் இல்லை. முகட்டிலும் இல்லை, பள்ளத்திலும் இல்லை. ஆயினும் படத்தில் அச்சதுரம் செழுமையைக் குறிக்கும் வண்ணத்தை ஏற்று நிற்கும். சராசரியை விட்டு இடையத்தை எடுத்தால் நிலைமை சீராகுமோவெனில், இங்கு இடையம் 40 ஆகும். லயன் முற்றாகவே மறைந்துபோகும்.

சராசரியின் இவ்வியல்பை மார்க்சியர் புதிதாகக் கண்டறிய வேண்டியதில்லை. 1899 இல் லெனின் வெளியிட்ட ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி என்னும் நூல், செம்ஸ்த்வோ எனப்பட்ட உள்ளூராட்சி அமைப்புகளின் புள்ளிவிபரங்களைப் பெருமளவிற் பயன்படுத்தியது. அதேவேளை, பணக்காரக் குடியானவனையும் குதிரையற்ற குடியானவனையும் கூட்டி வகுத்துச் சராசரிக் குடியானவன் ஒருவனைப் படைத்த நரோத்னிக்குகளின் முறையை அது கடுமையாகச் சாடியது. அச்சராசரி, கிராமத்தின் உள்ளே நிகழ்ந்துகொண்டிருந்த வர்க்கப் பிளவை மறைக்கும் திரை என்பது லெனினது வாதம். தரவைக் குழுவாகப் பிரித்து மீண்டும் வாசிக்கும்போதே அது பேசத்தொடங்கும்.

இலக்கியக் கொள்கையில் இதற்கு நேரான கருத்தை எங்கெல்ஸ் 1888 இல் மார்கிறெற் ஹார்க்னெஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்திற் காணலாம். வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான பாத்திரங்களைப் படைத்தலை யதார்த்தவாதத்தின் உரைகல்லாக அக்கடிதம் வைத்தது. லூக்காச் இதனை விரித்துரைக்கையில், வகைமாதிரி என்பது சராசரியன்று என்பதை அழுத்திக் கூறினார். சராசரி, முரண்பாடுகளை மழுங்கடித்துப் பெறப்படுவது. வகைமாதிரியோ, ஒரு காலத்தின் முரண்பாடுகள் கூர்மையடைந்து ஒரு மனிதரிலோ ஒரு நிகழ்ச்சியிலோ வெளிப்படுவது. சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்கள் மலையகத்தைப் பற்றி எமக்குச் சொல்வது எந்தச் சராசரித் தொழிலாளியையும் பற்றியன்று. நாடற்ற நிலை என்னும் வரலாற்று முரண்பாடு உருவெடுத்த மனிதரைப் பற்றியே.

ஆகவே பன்வில பற்றி நாம் கேட்கவேண்டிய வினா, அங்கு சராசரி வேகம் என்ன என்பதன்று. அங்குள்ள வகைமாதிரியான இணைப்பு யாது என்பதே. லயன் காம்பிராவில், மாலை மங்கிய பின், வீட்டுக்கு ஒன்றேயான கைத்தொலைபேசியில், ரீலோட் செய்த சிறு தொகை தீருமுன் ஒரு பாடத்தை இறக்கிக்கொள்ள முனையும் மாணவியின் இணைப்பே வகைமாதிரியானது. அதில் அலைவரிசையின் வலிமை மட்டுமன்றி, வீட்டின் வருமானமும் நிலத்தின் உரிமையும் மொழியும் ஒருங்கே முடிச்சிடப்பட்டுள்ளன. தேசியச் சராசரியோ அவளை அசைக்கமாட்டாது. அவளும் அதனை அசைக்கமாட்டாள். 2012 குடித்தொகை மதிப்பின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வரைச் சற்றே விஞ்சியோர்தாம் தோட்டப் பிரிவினர். நால்வரின் இன்மை நூற்றின் சராசரியில் ஒரு சிறு நடுக்கத்தையே தரும்.

5

இதுவரை அளக்கப்பட்டனவற்றைப் பற்றிப் பேசினோம். இதனினும் பாரதூரமானது அளக்கப்படாதவற்றின் நிலை. எவரும் சோதிக்காத சதுரம் அட்டவணையில் இடம்பெறாது. படத்தில் அது வெறும் வெளியாகவே நிற்கும். இவ்வெறுமையை எவ்வாறு வாசிப்பது?

இங்கு அளவைவாதியின் பட்டியல் உதவுகின்றது. அவன் கூறும் பத்தனுள் அபாவம் என்பதும் ஒன்று. ஒன்று இல்லாமையை அறிவதற்கும் அளவை உண்டு என்பது அதன் பொருள். ஆனால் இந்திய அளவை நூலார் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தனர். இருந்திருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கும் என்னும் தகுதி உள்ளதன் இன்மையை மாத்திரமே காணாமையால் நிறுவலாம். வெளிச்சமுள்ள அறையிற் குடம் காணப்படாவிடின் குடம் இல்லை எனலாம். இருளறையிற் காணப்படாவிடின் அவ்வாறு கூற இயலாது. இணையப் படத்தின் வெற்றுச் சதுரம் இருளறையை ஒத்தது. அங்கு மனிதரே இல்லாதிருக்கலாம், காடாக இருக்கலாம். நக்கிள்ஸ் தொடரிற் பல சதுரங்கள் அத்தகையன. மனிதர் இருந்தும் அலைவரிசை இல்லாதிருக்கலாம். அலைவரிசை இருந்தும் தகுந்த கருவி இல்லாதிருக்கலாம். கருவி இருந்தும் சோதனைக்குச் செலவிடப் பணம் இல்லாதிருக்கலாம். நான்கும் படத்தில் ஒரே வெறுமை.

இறுதியாகச் சொன்னதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அளத்தலுக்கும் செலவுண்டு. மெஷர்மென்ற் லாப்பின் சோதனை தரவிறக்கத்தைப் பத்துச் செக்கன் அளக்கின்றது. இணைப்பு 20 மெகாபிற் வேகமுடையதாயின், அப்பத்துச் செக்கனில் 200 மெகாபிற், அதாவது 25 மெகாபைற் செலவாகும். தரவேற்றச் சோதனை வேறு. மாதாந்தம் வரையறையற்ற கம்பியிணைப்புக்குக் கட்டணஞ் செலுத்துவோனுக்கு இது பொருட்டன்று. நாட்கூலியில் ரீலோட் செய்வோனுக்கோ அது அன்றைய தரவின் கணிசமான பங்கு. எனவே வேகமான இணைப்புடையோர் அடிக்கடி அளக்கின்றனர்; வறியோர் அளப்பதில்லை. அளவீடு எவருக்கும் திறந்ததாயினும் மாதிரியெடுப்பு வர்க்கச் சார்புடையதாகிவிடுகின்றது. இது எவரது சதியாலும் நேர்வதன்று. பொருளாதார உறவு தானே செய்துகொள்ளும் தெரிவு.

இடக்குறிப்பிலும் சிக்கலுண்டு. இணைய எண்முகவரியைக் கொண்டு இடத்தை ஊகிக்கும் தரவுகளில், மலையிலிருந்து செய்த சோதனையும் கம்பனியின் மையம் அமைந்த நகரத்தின் கணக்கிற் சேரக்கூடும். அவ்வாறு நேரும்போது பன்விலையின் குறை கண்டியின் அல்லது கொழும்பின் நிறையிற் கரைந்துவிடும்.

வெறுமையை வாசிக்க வழியில்லையெனக் கைவிட வேண்டியதில்லை. நமது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று பிரிவாகக் கொண்டு கணக்கெடுத்து வந்துள்ளது. இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், பத்துக்குக் குறையாத வதியும் தொழிலாளரும் கொண்டது தோட்டம் என்பது அதன் வரையறை. கணினி அறிவு பற்றிய அத்திணைக்களத்தின் அளவீடுகள் தோட்டப் பிரிவைத் தனித்துக் காட்டுவதனாலேயே, அப்பிரிவு கடைநிலையில் நிற்பதை நாம் அறிகின்றோம். வேகத் தரவின் சதுரங்களைக் கிராம அலுவலர் பிரிவுகளின் குடித்தொகையோடு பொருத்தினால், மனிதர் வாழ்ந்தும் சோதனை நிகழாத இடங்கள் புலப்படும். அப்போது காட்டின் வெறுமையும் லயனின் வெறுமையும் வேறுபிரிந்து தோன்றும், இருளறையில் விளக்கேற்றியதாகும். காணாமை சான்றாகும் தகுதி பெறுவது அக்கணத்திலேயே. திறந்த தரவின் மெய்யான பெறுமதி இதில் உள்ளது. தனித்து நிற்கும் வேக அட்டவணை கம்பனியின் விளம்பரத்துக்கு அண்மித்தது; மற்றொரு பொதுத் தரவோடு மோதவிடப்பட்ட அட்டவணையே விமர்சனமாகும்.

6

நமது அணியிலேயே சிலர் இருவகை மறுப்புரைகள் கூறுவதுண்டு. தொழிலாளிக்கு வேண்டியது சம்பளமும் காணியும். இணைய வேகம் நடுத்தர வர்க்கத்தின் ஏக்கம் என்பது ஒன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுக் கற்றல் கைத்தொலைபேசிக்குள் புகுந்தபோதே இவ்வாதம் வலுவிழந்துவிட்டது. 2021 இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே பாறையேறியமை உலகெங்கும் செய்தியாயிற்று. இக்குறை ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும், வறிய தமிழரும் வறிய சிங்களவரும் ஒரே பாறையில் நிற்பவரே என்பதற்கும் அது சான்று. இன்று பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வருகின்றது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணையவழியே செய்யப்படுகின்றது. சம்பளத்துக்கும் காணிக்குமான போராட்டத்தில் இணைப்பு போட்டிக் கோரிக்கையன்று, அதன் ஒரு கூறே.

எண்கள் யாவும் ஆளும் வர்க்கத்தின் கருவிகள். அவற்றை நம்பலாகாது என்பது மற்றது. மூலதனம் முதற்பாகத்தை 1867 இல் வெளியிட்ட மார்க்ஸ், இங்கிலாந்தின் தொழிற்சாலைக் கண்காணிப்பாளரின் அரசாங்க அறிக்கைகளைப் பக்கம்பக்கமாகப் பயன்படுத்தினார். லெனாட் ஹோனர் என்னும் கண்காணிப்பாளரின் பணியை மதிப்போடு குறிப்பிட்டார். வேலைநாள் பற்றிய அத்தியாயம் அப்பொதுத் தரவின்றி எழுதப்பட்டிருக்க முடியாது. பூர்சுவா அரசின் எண்களைக் கொண்டே பூர்சுவா ஒழுங்கை விசாரிக்க முடிந்தமைக்குக் காரணம், அவ்வெண்கள் வெளியிடப்பட்டமையும் எவ்வாறு திரட்டப்பட்டன என்பது தெரிந்திருந்தமையுமே.

எண்ணை வெறுப்பதும் எண்ணை வணங்குவதும் மலையகத் தொழிலாளிக்கு அந்நியமானவை. அளவை எவர் கையில் என்பதே வர்க்கப் போராட்டம் என்பதை அவர்கள் கொழுந்து நிறுக்கும் இடத்திற் கற்றுள்ளனர். குறித்த கிலோ பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தண்ணீருக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு எனத் தராசிலேயே கழிவு. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் வந்தபின், பறிக்கவேண்டிய கிலோவின் அளவு பல தோட்டங்களிற் பிணக்குக்குரியதாயிற்று. சம்பளத்தை உயர்த்தக் கட்டுப்பட்டோர் அளவையை உயர்த்தினர். என். எஸ். எம். இராமையாவின் சிறுகதைத் தொகுதி 1980 இல் ஒரு கூடைக் கொழுந்து என்னும் தலைப்புடன் வெளிவந்தது. ஓர் அளவையே மலையக இலக்கியத்தின் தலையாய நூலொன்றுக்குப் பெயராக அமைந்தமை தற்செயலன்று. தராசை உடைத்துவிடுமாறு தொழிலாளர் கேட்டதில்லை. தம் கண்முன்னே நிறுக்குமாறும், கழிவைச் சொல்லிக் கழிக்குமாறுமே கேட்டனர். திறந்த தரவு என்பதற்கு இதனினும் செவ்விய வரைவிலக்கணம் வேண்டியதில்லை.

7

இந்நோக்கிலிருந்து சில பணிகள் பிறக்கின்றன. பன்வில போன்ற பிரதேசத்தில் அளவீடு தற்செயலாகக் கூடும் சோதனைகளை நம்பியிருத்தல் ஆகாது. லயன், பாடசாலை, மருந்தகம், தொழிற்சாலை, கடைவீதி எனக் குறித்த இடங்களில், காலை, நண்பகல், இரவு எனக் குறித்த வேளைகளில், வெளிப்படையான முறையுடைய ஒரே சோதனையை ஒரு பருவகாலம் முழுவதும் நடத்துதல் வேண்டும். மழைக்காலமும் வெயிற்காலமும் அதில் அடங்கவேண்டும். தோட்ட இளைஞரே அளப்போராதல் வேண்டும். செலவை அவர் தலையில் ஏற்றாது ஏற்பாட்டாளர் பொறுக்கவேண்டும். பேராதனையிலும் பிறவிடங்களிலும் உள்ள மாணவர் சங்கங்களுக்கு இது இயலாததன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது, தோல்வியையும் பதிதல். இணைப்புக் கிடைக்கவில்லை, சோதனை முடியவில்லை, கடனட்டை தீர்ந்தது போல் இடைநடுவே தரவு தீர்ந்துவிட்டது என்பனவும் நாளும் வேளையும் இடமும் குறித்து எழுதப்படவேண்டும். வழமையான தொகுப்புகள் வெற்றிபெற்ற சோதனையை மட்டுமே எண்ணுவன. தோற்றது வரலாறு ஆவதில்லை. இன்மையை அளவையாக்கும் வழி இதுவே. முடிவுகளை வெளியிடுகையில் தனிமனிதரையோ தனிவீட்டையோ இனங்காட்டாமை பேணப்படல் வேண்டும். தோட்டத்திற் குறைகூறியவர் யார் என்பதை அறிய விரும்புவோர் என்றும் உளர்.

இவ்வாறு பெற்ற பதிவை, கம்பனிகள் வெளியிடும் சேவைப் பரப்புப் படங்களோடு ஒப்பிடலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அதன் கைவசமுள்ள தர அளவீடுகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகக் கேட்கலாம். தோட்டப் பிரிவைத் தனித்துக் காட்டுமாறு வற்புறுத்தலாம். பெருங்கோப்புகளாகக் கிடக்கும் தரவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அடங்கும் அட்டவணையாக்கித் தொழிற்சங்கக் கூட்டத்தில் வாசிக்கலாம். அகலப்பட்டை உடையோரே இறக்கி வாசிக்கக்கூடிய தரவு, அகலப்பட்டை இல்லாதோரைப் பற்றியதாயிருப்பின் அது எவருக்குத் திறந்தது என்னும் வினா எழாதிராது.

அளவீடு நிலைமையை மாற்றிவிடாது; தொழிற்சாலை அறிக்கைகள் தாமாகவே வேலைநாளைக் குறைத்துவிடவில்லை. அவற்றைக் கையிலெடுத்த இயக்கமே குறைத்தது. ஆயினும் அவ்வியக்கத்தின் கையில் அறிக்கை இருந்தது. பன்விலையின் பள்ளத்து லயன்களுக்காகப் பேசுவோர் கையில் இன்று இருப்பது முகட்டின் வேகமும் பள்ளத்தின் வெறுமையும் கலந்த ஒரு சராசரி. அதனைப் பிரித்துக் காட்டுதல், வெறுமைக்குப் பெயரிடுதல், அளவையை அளக்கப்படுவோர் கண்முன் கொணர்தல் ஆகியன புள்ளிவிபரவியலாளரின் பணி மட்டுமல்ல. சராசரிக்கும் வகைமாதிரிக்கும் வேறுபாடு காணப் பழகிய விமர்சகரின் பணியுமாகும்.